அந்நியர் கையில் ஒரு நூல்: ‘ஏழை படும் பாடு’ – ஒரு மறுவாசிப்பு

சேர்வராயன் மலைக்குத் தியானத்திற்காகச் செல்லும் போதகர் பலர், திருமறையோடு வேறொரு நூலையும் உடன் எடுத்துச் செல்வதுண்டு. இக்கட்டுரையாளர் ஏற்காட்டிற்குப் பலமுறை கொண்டுசென்ற நூல், விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவல். புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்த கவியோகி சுத்தானந்த பாரதியார் அதனை ‘ஏழை படும் பாடு’ என்னும் பெயரில் தமிழுக்குத் தந்தார். 1950இல் கே. ராம்நாத் இயக்கத்தில் அது திரைப்படமாயிற்று. அதில் காவல் அதிகாரி ஜாவேராக நடித்த சீதாராமன், பின்னர் ‘ஜாவர் சீதாராமன்’ என்றே அழைக்கப்பட்டார். ஆயினும் கதையை அறிந்திருத்தல் வேறு. நூலைத் திரும்ப வாசித்தல் வேறு.

மலையினின்று இறங்கும்போது கையிலுள்ள தமிழ்ப் பிரதியை வழியில் காணும் முன்பின் அறியாத ஒருவருக்குக் கொடுத்துவிடுவதும், அடுத்த பயணத்திற்கு வேறொன்று வாங்குவதும் வழக்கமாயின. அந்நியருக்கு ஒன்றைக் கொடுக்கும்போது நாம் உண்மையில் என்ன செய்கிறோம்? இவ்வினாவை இந்நூலே எழுப்புகிறது என்பது மறுவாசிப்பில் புலனாகும்.

நாவல் ஜீன் வால்ஜீனோடு தொடங்கவில்லை. பேராயர் மிரியேலோடு தொடங்குகிறது. முழு நூலில் முதல் பதினான்கு அதிகாரங்கள் அவரைப் பற்றியனவே. ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலுள்ள தீஞ் நகருக்கு வந்த அவர், 26 நோயாளிகள் இடநெருக்கடியில் கிடந்த சிறு மருத்துவமனையைத் தம் அரண்மனைக்கு மாற்றிவிட்டு, அச்சிறு கட்டடத்தில் தாம் குடியேறுகிறார். 15,000 பிராங்க் ஊதியத்தில் தமக்கென ஒதுக்குவது 1,000 மட்டுமே. அவர் வீட்டுக் கதவு பூட்டப்படுவதில்லை. சுருக்கப் பதிப்புகள் இவற்றை விரைந்து கடந்து, வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளுக்கு வந்துவிடுகின்றன. அதனால் பேராயரின் ஈகை ஒரு கணத்தில் பிறந்த அற்புதம் போலத் தோன்றுகிறது. அது பல்லாண்டுப் பழக்கத்தின் கனி என்பது மறைந்துபோகிறது. நம் பிரசங்கங்களில் இக்கதை எடுத்தாளப்படும்போதும் இக்குறையே நேர்கிறது.

அடுத்து, நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. பத்தொன்பது ஆண்டுச் சிறைவாசம் முடிந்து வந்த வால்ஜீன், தனக்கு உணவும் படுக்கையும் அளித்த வீட்டிலேயே வெள்ளிச் சாமான்களைத் திருடி அகப்படுகிறான். காவலர்முன் பேராயர் அவை தாம் கொடுத்தவையே என்கிறார். மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்து அளிக்கிறார். காவலர் சென்றபின்னர், நேர்மையானவனாக வாழ்வதாக அவன் வாக்களித்ததை மறவாதிருக்கும்படி கூறுகிறார். அவனோ அத்தகைய வாக்கு எதனையும் அளித்ததாக நினைவில்லாதவன். அவனுடைய ஆத்துமாவைத் தாம் விலைக்கு வாங்கிக் கடவுளுக்குக் கொடுப்பதாகவும் பேராயர் சொல்கிறார்.

இங்கு ஓர் இறையியல் இடர்ப்பாடு உள்ளது. கிருபை விலையாக மாறுமாயின் அது கிருபையாகுமா? கொடுத்த வெள்ளிக்கு ஈடாக ஓர் ஆத்துமாவைக் கோருதல் வாணிகம் அன்றோ? இவ்வினா நியாயமானதே. ஆயின் நிகழ்ச்சிகளின் வரிசையை நோக்குக. விடுதலை முதலில் வந்தது. வேண்டுகோள் பின்னரே வந்தது. அவ்வேண்டுகோளை நிறைவேற்றச் செய்யும் அதிகாரம் எதனையும் பேராயர் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. அவர் அவனைப் பின்தொடரவுமில்லை, விசாரிக்கவுமில்லை. எனவே பேராயரின் சொல்லைவிட அவருடைய செயல் பெரிது என்பதே நம் கருத்து. அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு செயலை விட்டுவிடுவது ஊழியர்க்கு எளிதில் நேரும் சோதனையாகும்.

உடன் விளைந்த பயன் யாது? வால்ஜீன் அன்றே வழியில் ஒரு சிறுவனின் வெள்ளி நாணயத்தைப் பறித்துக்கொள்கிறான். அதன் பிறகே அவன் உள்ளம் உடைகிறது. 1821இல் பேராயர் மறைந்த செய்தி வந்தபோது, வேறொரு பெயரில் நகரத் தலைவனாக வாழ்ந்த வால்ஜீன் துக்க உடை அணிகிறான். தாம் விதைத்தது விளைந்ததைப் பேராயர் இறுதிவரை அறியவில்லை. தண்ணீரின்மேல் போடப்படும் ஆகாரத்தைப் பற்றிப் பிரசங்கியின் நூல் கூறுவதை இங்கு நினைவுகூரலாம்.

மற்றொரு காட்சி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. புரட்சிக்கால மன்றத்தில் உறுப்பினராயிருந்து, ஊராரால் வெறுக்கப்பட்டுத் தனித்து வாழ்ந்த முதியவர் ஒருவர் மரணப்படுக்கையில் இருக்கிறார். அவரைச் சந்திக்கச் செல்லும் பேராயர், இறுதியில் முழங்காற்படியிட்டு அவரிடமே ஆசி வேண்டுகிறார். வால்ஜீன் வருமுன்னரே இக்காட்சியை ஹியூகோ வைத்திருப்பது கருதத்தக்கது. அந்நியரிடமிருந்து பெறக் கற்றவரே அந்நியருக்குக் கொடுக்கத் தகுதியுடையவர் ஆகிறார்.

ஏற்காட்டில் இந்நூலை வாசிக்கும்போது இவ்வுண்மை மேலும் தெளிவாகிறது. இம்மலையில் அந்நியர் யாவர்? காஞ்சியிலிருந்து வந்தோம் என மரபு உரைக்கும் மலையாளிப் பழங்குடியினர் நெடுங்காலமாக இங்கு வாழ்வோர். 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் காலத்தில் காப்பிப் பயிர் வந்தது, தோட்டங்கள் பெருகின, உழைப்போரும் வந்தனர். பின்னர்க் கோடைவாசிகள் வந்தனர். தியானத்திற்குச் செல்லும் நாமும் அங்கு விருந்தினரே. நாம் நூலை நீட்டுகிற தோட்டக் காவலரோ, பேருந்தில் அருகமர்ந்த மாணவரோ அந்த இடத்தை நம்மினும் நன்கறிந்தவர்.

ஆதலின் நூல் கொடுப்பதில் சில நெறிகள் தேவை. அதில் திருச்சபையின் முத்திரை வேண்டா. உள்ளே கைப்பிரதி மறைத்துவைத்தலும் வேண்டா. நற்செய்தியை அறிவிக்க வேண்டுமாயின் வெளிப்படையாக அறிவிப்போம். கதையைத் தூண்டிலாக்குதல் தகாது. கொடுத்த பிரதிகளை எண்ணி அறிக்கையில் சேர்ப்பதும், படித்தாயிற்றா எனக் கேட்பதும் ஈகையைக் கடனாக்கிவிடும். பெற்றவர் அதனைப் பழைய புத்தகக் கடையில் விற்றால், அது மற்றொருவர் கைக்குச் செல்லும் வழியே. வேண்டா என்று ஒருவர் மறுத்தால் அம்மறுப்பையும் மதித்தல் வேண்டும்.

இறையியல் மாணவர்க்கு ஒரு பரிந்துரை: மெழுகுவர்த்தித் தண்டுகளைப் பற்றிப் பிரசங்கிக்குமுன் அந்த முதல் பதினான்கு அதிகாரங்களை முழுமையாக வாசியுங்கள். மிரியேலின் வரவுசெலவுப் பட்டியலையும் ஹியூகோ அங்கு தருகிறார். அதனருகே நம்முடைய பட்டியலை எழுதி வைத்துப் பார்த்தபின், நூலை அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.