இரண்டு முதுகுகள்

இத்தாலியின் பாதுவா நகரில் இருக்கிற ஸ்க்ரோவேஞி சிற்றாலயத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது. முன்பதிவு வேண்டும். முதலில் ஒரு கண்ணாடி அறையில் 15 நிமிடம் உட்கார வைக்கிறார்கள். நாம் கொண்டுவரும் ஈரமும் தூசியும் சுவரோவியங்களைக் கெடுத்துவிடக் கூடாதாம். பிறகு உள்ளே 15 நிமிடம். அவ்வளவுதான்.

காத்திருப்பு அறையில் நான் அக்காவுக்குப் பாடம் எடுத்தேன். வரைந்தவர் ஜோட்டோ, 1305 வாக்கில் வேலை முடிந்தது, கட்டுவித்தவர் என்ரிக்கோ ஸ்க்ரோவேஞி. அவருடைய அப்பா வட்டித் தொழில் செய்தவர். தாந்தே அவரை நரகத்தில் உட்கார வைத்திருக்கிறார்.

“வட்டிக் காசுல கட்டுனதா? அதான் செலவுக்குக் கணக்கே பாக்கல போல” என்றாள் அக்கா.

உள்ளே போனதும் நான் ஓடினேன். பொன்வாசலில் யோவாக்கிமும் அன்னாளும் முத்தமிடும் காட்சி, யூதாஸ் தன் மஞ்சள் அங்கியால் இயேசுவை மூடியபடி முத்தமிடும் காட்சி, இறுதித் தீர்ப்பு. ஒவ்வொன்றையும் படித்தவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். நம் பயணக் கட்டுரைகள் பலவும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. பெயர், ஆண்டு, வியப்பு, அடுத்த படம். எழுதியவர் அங்கே போனாரா, வீட்டிலிருந்தே எழுதினாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

அக்கா ஒரே படத்தின் முன் நின்றிருந்தாள். சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் உடலைச் சுற்றி அழுகிறார்கள். தாய் மகனின் தலையை ஏந்தியிருக்கிறாள். யோவான் கைகளைப் பின்னால் வீசிக் கதறுகிறார். மேலே வானதூதர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அழுகிறார்கள். முன்னால் இருவர் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். போர்த்திய துணிதான் தெரிகிறது, முகம் இல்லை.

“தம்பி, இவங்க ரெண்டு பேரு மூஞ்சிய ஏன் காட்டல?”

என்னிடம் பதில் இருந்தது. பைசாந்திய மரபில் பொன்னிறப் பின்னணியில் புனிதர்கள் பெரும்பாலும் நம்மைப் பார்த்தபடி இருப்பார்கள். ஜோட்டோ சிலரைத் திருப்பி உட்கார வைத்தார். தட்டைச் சுவருக்கு ஆழம் வந்தது. பார்ப்பவருக்கும் அவர்களுக்குப் பின்னால் ஓர் இடம் கிடைத்தது. எல்லாம் சொன்னேன்.

“அதெல்லாம் சரி. அம்மா காரியத்த நீ போன்ல பாத்தது இப்பிடித்தானே?”

2021. ஜொகூர் பாலம் மூடியிருந்தது. நான் சிங்கப்பூரில், அம்மா அந்தப் பக்கம். திரையில் முழுக்க முதுகுகள். ‘கொஞ்சம் முன்னால போங்க, ஒன்னும் தெரியல’ என்று கத்திக்கொண்டே இருந்தேன். போனைப் பிடித்திருந்தவள் அக்காதான். எனக்குக் காட்டுவதற்காக அவளும் கடைசி வரிசையில்தான் நின்றிருக்கிறாள் என்பது நான்கு வருடம் கழித்து, அந்தச் சுவர் முன்னால்தான் எனக்கு உறைத்தது.

சொந்த துக்கத்தைக் கொண்டுபோய் ஓவியத்தில் ஒட்டுவது விமர்சனமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. எதைப் பார்த்தாலும் ‘எங்க அம்மா ஞாபகம் வந்துச்சு’ என்று எழுதுகிறவர்களை நானே கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் அக்கா முதலில் கேட்டது அம்மாவைப் பற்றி இல்லை. அந்தச் சுவரில் இருக்கிற இரண்டு முதுகுகளைப் பற்றி. கண் முதலில் படத்தில் நின்றது, நினைவு பிறகு வந்தது. இந்த வரிசை மாறாதவரை அது நல்ல வாசிப்புதான். பார்ப்பவருக்கு ஜோட்டோ இடம் கொடுத்தார் என்ற வரியை நான் பல முறை படித்திருக்கிறேன். அந்த இடம் எப்படிப்பட்டது என்று சொன்னது அக்கா. சாவு வீட்டில் முன்னால் போக முடியாதவர்கள் நிற்கிற இடம் அது.

நேரம் முடிந்து எங்களை வெளியே அனுப்பினார்கள். மற்றச் சுவர்களை அக்கா சரியாகப் பார்க்கவில்லை. வருத்தமா என்று கேட்டேன்.

“நீதான் எல்லாத்தையும் பாத்தியே, போற வழியில சொல்லு” என்றாள்.

ரயில் நிலையம் வரை சொல்லிக்கொண்டு வந்தேன். பாதிப் படங்கள் எனக்கு நினைவில்லை.