பீட்டரின் நாற்காலியும் எங்க வீட்டுத் தூளியும்

ரெண்டாவது குழந்தை வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் நான் முதல்ல செஞ்ச வேலை, மூத்தவளுக்குப் படப்புத்தகம் தேடினது. அவளுக்கு அப்ப நாலு வயசு. அண்ணனாக, அக்காவாக ஆகப்போற குழந்தைகளுக்குன்னே ஆங்கிலத்தில் ஒரு தனி அலமாரி அளவுக்குப் புத்தகங்கள் இருக்கு. பெரும்பாலானவை ஒரே மாதிரி: பாப்பா தூங்கும், அழும், பால் குடிக்கும், நீ டயப்பர் எடுத்துக் கொடுக்கலாம், அம்மாவுக்கு உன்மேல இருக்கிற பாசம் குறையாது. தகவலில் தப்பில்லை. ஆனா அந்தப் பக்கங்களில் இருக்கிற மூத்த பிள்ளைக்குக் கோபமே வராது. வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் நாள் கொடுக்கிற விதிமுறைக் கையேடு மாதிரி இருக்கும்.

அதுல இருந்து தப்பிச்சு நான் போய்ச் சேர்ந்தது எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'பீட்டர்ஸ் சேர்'. 1967-ல் வந்தது. 1962-ல் வந்த 'தி ஸ்னோயி டே'யில் சிவப்பு உடுப்போட பனியில் நடந்த அதே கறுப்பினச் சிறுவன் பீட்டர்தான் இதிலும். இப்ப கொஞ்சம் வளர்ந்துட்டான். தங்கச்சி சூசி பிறந்திருக்கா. அவனோட தொட்டில், அவன் உட்கார்ந்து சாப்பிட்ட உயரமான நாற்காலி, அவனோட கட்டில், எல்லாத்துக்கும் இளஞ்சிவப்பு அடிச்சாச்சு. (பெண் குழந்தைன்னா இளஞ்சிவப்புங்கிறது இன்னைக்குக் கொஞ்சம் உறுத்தும். அது இருக்கட்டும்.) இன்னும் நீலமா மிச்சம் இருக்கிறது ஒரு குட்டி நாற்காலி மட்டும்தான். அதைத் தூக்கிக்கிட்டு, நாய் வில்லியையும் கூட்டிக்கிட்டு, வீட்டைவிட்டு ஓடிப்போறான். எவ்வளவு தூரம்? வாசல் வரைக்கும்.

பையில் என்ன எடுத்துட்டுப் போறான்னு பாருங்க: நாய் பிஸ்கட், பொம்மை முதலை, தான் கைக்குழந்தையா இருந்தப்ப எடுத்த போட்டோ. எனக்கு இந்தப் போட்டோதான் புத்தகத்தின் உயிர். 'நானும் பாப்பாவா இருந்தேன்'ங்கிறதுக்கு அவன்கிட்ட இருக்கிற ஒரே அத்தாட்சி அது. பொறாமைங்கிற சொல்லே இல்லாம அந்த இழப்பு புரிஞ்சிடுது.

1964-ல் ரஸ்ஸல் ஹோபன் எழுதி லிலியன் ஹோபன் படம் வரைந்த ஃபிரான்சிஸ் கதையிலும் இப்படி ஒரு ஓட்டம் உண்டு. அவ ஓடிப்போறது சாப்பாட்டு மேஜைக்கு அடியில். அப்பா அம்மா அவளை இழுத்து வெளியே கொண்டுவர மாட்டாங்க. அவ காதில் விழுற மாதிரி, அவ இல்லாத வீடு எப்படி வெறிச்சோடிக் கிடக்குன்னு பேசிக்குவாங்க. ரெண்டு கதையிலும் யாரும் 'நீ பெரியவ, விட்டுக்கொடு'ன்னு சொல்றதில்லை. மூத்த மகனா வளர்ந்த நான் அந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. என் வாயில இருந்து அது வந்துடக்கூடாதுன்னுதான் இந்தத் தேடலே.

முடிவுதான் எனக்கு இடிக்குது. பீட்டர் நாற்காலியில் உட்காரப் பார்க்கிறான், முடியல, பெரிசா வளர்ந்துட்டான். பிறகு அவனே அப்பாகிட்ட, இதையும் சூசிக்கு வண்ணம் அடிச்சுடலாம்னு சொல்றான். யாரும் புத்திமதி சொல்லாம அவனாவே உணர்றான் என்பது அழகு. ஆனா அது அவ்வளவு சுலபமா நடக்கக் காரணம், மரநாற்காலி வளைஞ்சு கொடுக்காது.

எங்க வீட்டில் பரண்ல இருந்து இறக்கினது பழைய சேலைத் தூளி. புத்தகத்தைப் பல தடவை கேட்டிருந்த என் மக, 'நான் உட்கார்ந்து பாக்கவா?'ன்னா. காலு வெளியே நீட்டிக்கும், அவளே சிரிச்சுக்கிட்டு இறங்கிடுவான்னு நினைச்சேன். சேலை நல்லா விரிஞ்சு கொடுத்துச்சு. கச்சிதமாப் பொருந்திட்டா.

'எனக்கு இன்னும் பத்துதுப்பா'ன்னு உள்ளே இருந்து சத்தம் வந்தது. அரை மணி நேரம் ஆட்டினேன்.