தொப்பியும் பேஸும்

மரக்காணத்தைத் தாண்டும்போது வண்டியில் பாட்டு ஓட வேண்டும் எனக்கு. இருபக்கமும் உப்புப் பாத்திகள், நடுவில் சாலை. கண்ணுக்கு அதிகம் வேலையில்லாத அந்த வெட்டவெளியில் காது தானாகக் கூர்மையாகிவிடுகிறது.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சீறியாழ் ஏந்திய பாணனுக்குக் காட்டிய வழி இது. அந்த யாழ் வழக்கொழிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது; பாட்டு சாகவில்லை. எனவே, மின்கித்தார் வந்தால் நாட்டுப்பாட்டு செத்துவிடும் என்று யாராவது புலம்பினால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

போன தையில் இங்கே கேட்டது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு. பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த 19 பேர், 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறினார்கள். பெயர், அயோத்திதாசரின் ‘சாதி இல்லாத தமிழர்’ என்பதிலிருந்து வந்தது. வடசென்னைச் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடிய கானாவுக்குப் பக்கத்தில் ராக் டிரம்ஸும் மின்கித்தாரும்.

சேர்ப்பது பெரிய காரியமில்லை; ஒன்றையொன்று அமுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். தவிலின் இடப்பக்கத் தோலான தொப்பியும் பேஸ் கித்தாரும் ஒரே அடிக்குரலுக்கு அடித்துக்கொள்பவை; ஒலிக்கலவை செய்பவர் கொஞ்சம் அசந்தால் தோல் தோற்றுவிடும். இவர்களுடைய நல்ல பாட்டுகளில் கித்தார் சின்ன வெட்டாக வந்து ஒதுங்கிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் சட்டியும் பறையும் பாய்கின்றன. மேலே இசைவாணியின் குரல், கானா இழுப்பு கொஞ்சமும் குறையாமல். ஆவேசம் கூடிப்போய்ச் சொல் அமுங்குகிற பாட்டுகளும் உண்டு. அவற்றை நான் தாண்டிவிடுவேன்.

அமெரிக்காவில் நாட்டுப்பாட்டுக்கும் மின்கித்தாருக்குமான இந்தச் சண்டை கைகலப்பு வரை போனது. ஜாக் ஹோல்ஸ்மன் 1950-ல் தொடங்கிய எலெக்ட்ரா, நாட்டுப்பாடல் இசைத்தட்டு போட்ட சின்ன நிறுவனம். அது பால் பட்டர்ஃபீல்டின் மின்கித்தார் புளூஸ் குழுவைப் பிடித்தது. 1965 நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில், அக்குழுவை இளப்பமாக அறிமுகப்படுத்திய பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸும், குழுவுக்குப் பரிந்து வந்த இசைக்கலைஞர்களின் மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மனும் மண்ணில் கட்டிப் புரண்டார்கள்! எலெக்ட்ராவின் தயாரிப்பாளர் பால் ராத்சைல்டோ அக்குழுவின் முதல் இரண்டு ஒலிப்பதிவுகளையும் திருப்தியில்லாமல் ஒதுக்கிவிட்டு மறுபடி பதிவுசெய்தார். அந்தக் காதுதான் எலெக்ட்ராவின் சொத்து. மறுவருடம் வந்த ‘ஈஸ்ட்-வெஸ்ட்’ நம் ராகத்தின் சாயலில் 13 நிமிடம் விரிகிறது. 1967-ல் ‘தி டோர்ஸ்’ குழுவின் முதல் இசைத்தட்டும் எலெக்ட்ராவிலிருந்தே வந்தது.

காஸ்ட்லெஸ் கலெக்டிவையும் ‘ஈஸ்ட்-வெஸ்ட்’டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். அதில் தொப்பி கேட்காது.