நியூபோர்ட் 1956: ட்யூக் எலிங்டனின் மீள்வருகையும் ரசிகர் நினைவும்

அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான ட்யூக் எலிங்டன் (1899–1974) தம் இசைக்குழுவுடன் 1956 ஜூலை 7 அன்று ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் நிகழ்த்திய கச்சேரி, ஜாஸ் வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட மீள்வருகைகளில் ஒன்று. தாம் பிறந்ததே 1956-ல் நியூபோர்ட்டில்தான் என்று எலிங்டன் பிற்காலத்தில் சொல்லிவந்தார். அந்த இரவைப் பற்றிய பொதுநினைவு இரண்டு வழிகளில் உருவானது. ஒன்று, திறந்தவெளியில் இருந்த ரசிகர்கள் கண்டு சொன்னது. மற்றொன்று, அதே ஆண்டு கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'எலிங்டன் அட் நியூபோர்ட்' இசைத்தட்டு. இவ்விரண்டில் எது நம்பத்தக்கது என்ற கேள்விக்கு விடை கிடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பின்னணி

1927 முதல் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் வாசித்துப் புகழ்பெற்ற எலிங்டன், 1940-களின் தொடக்கம் வரை நாட்டின் முன்னணி இசைக்குழுத் தலைவர்களில் ஒருவராக இருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. பதினைந்து பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஊர் ஊராகச் செல்வது கட்டுப்படியாகாத தொழிலாயிற்று; பல குழுக்கள் கலைந்தன. இளைஞர்கள் பாடகர்களையும், பிறகு ராக் அண்ட் ரோலையும் நாடிச் சென்றனர். 1951-ல் ஆல்ட்டோ சாக்சபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸ், டிராம்போன் கலைஞர் லாரன்ஸ் பிரவுன், டிரம்ஸ் கலைஞர் சன்னி கிரியர் ஆகிய மூவரும் ஒரே நேரத்தில் குழுவை விட்டு விலகினர். எலிங்டன் தம் பழைய பாடல்களின் உரிமைத்தொகையைக் கொண்டு குழுவைக் காப்பாற்றினார். 1955 கோடையில் நியூயார்க்கில் ஒரு நீர்விளையாட்டுக் காட்சிக்குப் பின்னணி இசை வழங்கும் வேலையை அந்தக் குழு ஏற்றது.

இந்த விவரங்கள் எல்லாம் உண்மையே. ஆனால் இவற்றை வைத்து எலிங்டன் 'முடிந்துபோனவர்' என்று எழுதுவது மிகை. 'ஹார்லெம்' என்ற நீண்ட இசையாக்கமும் 'சாட்டின் டால்' பாடலும் அந்த வறண்ட காலம் என்று சொல்லப்படும் ஆண்டுகளில்தான் பிறந்தன. குழு ஒரு பருவம்கூட ஓய்ந்திருக்கவில்லை. விலகிச் சென்றவர்கள் கேட்போர்தான். ஆகவே 1956-ல் நிகழ்ந்ததை ரசிகர்களின் மீள்வருகை என்று சொல்வதே பொருந்தும்.

அந்த இரவு

நியூபோர்ட் விழாவை ஜார்ஜ் வெயின் 1954 முதல் நடத்திவந்தார். 1956-ல் எலிங்டனின் குழு முதலில் சிறிது நேரம் மட்டுமே வாசித்தது. உறுப்பினர் சிலர் அப்போது வந்து சேரக்கூட இல்லை. பின்னர் மற்றவர்கள் வாசித்து முடிக்கும்வரை குழு மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. மீண்டும் மேடை ஏறியபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. மக்கள் எழுந்து போகத் தொடங்கியிருந்தனர். எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் விழாவுக்கென்றே எழுதிய மூன்று பகுதி இசைத்தொகுப்புக்கு மரியாதையான கைதட்டல் கிடைத்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு எலிங்டன் எடுத்தது 1937-ல் எழுதிய 'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ'. இது முதலில் ஓர் இசைத்தட்டின் இரண்டு பக்கங்களுக்காக இரண்டு பாதிகளாக அமைக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை டெனர் சாக்சபோன் கலைஞர் பால் கொன்சால்வெஸ் தம் கற்பனையால் நிரப்ப வேண்டும். அன்று அவர் 12 அளவுகள் கொண்ட ப்ளூஸ் சுற்றை 27 முறை, ஏறத்தாழ ஆறு நிமிடங்கள், இடைவிடாமல் வாசித்தார். ஏழெட்டுச் சுற்றுகளுக்குள் கறுப்பு உடையணிந்த ஒரு பெண் எழுந்து ஆடினார். அவரைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தனர். சிலர் நாற்காலிமேல் ஏறினர். மேடையோரம் நின்ற டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டிக் குழுவை ஊக்கினார். கலவரம் வந்துவிடுமோ என்று அஞ்சிய வெயின் கச்சேரியை முடிக்கச் சொன்னார். (அந்த அச்சம் வீணானதல்ல. 1960-ல் அதே ஊரில் அரங்குக்கு வெளியே நடந்த கலவரத்தால் விழா பாதியில் நின்றது.) எலிங்டன் முடிக்கவில்லை. ஹாட்ஜஸின் மெதுவான வாசிப்பை அடுத்து வைத்துக் கூட்டத்தைத் தணித்தார். ஆகஸ்ட் 20 தேதியிட்ட 'டைம்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது.

கொன்சால்வெஸின் வாசிப்பைத் தனியே எடுத்து ஆராய்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும் என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. சிறு சொற்கட்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதே காலத்தில் சன்னி ராலின்ஸ் வளர்த்தெடுத்த கருத்தோட்டம் இதில் இல்லை. இக்குறை உண்மைதான், ஆனால் அளவுகோல் தவறு. தவில் தனி ஆவர்த்தனத்தை ராக ஆலாபனையின் அளவுகோலால் அளப்பதைப் போன்றது அது. அங்கே இசை நான்கு முனைகளில் உருவானது: கொன்சால்வெஸ், ஜிம்மி வூட் - சாம் உட்யார்ட் இணையின் பாஸ் - டிரம்ஸ், இடையிடையே குரல் கொடுத்த எலிங்டன், பிறகு கூட்டம். 27 சுற்றுகளிலும் வேகம் பிசகாமல் பிடித்த உட்யார்டுக்கு நூல்கள் போதிய இடம் தரவில்லை. இது திடீர் அற்புதமும் அல்ல; 1950-களின் தொடக்கத்திலேயே இதே இடைவெளியில் கொன்சால்வெஸ் நீண்ட வாசிப்புகளை நிகழ்த்தியிருந்தார். புதிதாக வாய்த்தது அந்தக் கூட்டம்.

இசைத்தட்டின் கதை

இசைத்தொகுப்பு போதிய ஒத்திகை இல்லாமல் மேடையேறியது. எலிங்டனுக்கு அதில் நிறைவில்லை. ஜூலை 9 அன்று குழு நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடத்தில் சில பகுதிகளை மீண்டும் வாசித்தது. தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாக்கியன் அவற்றுடன் கூட்டத்தின் ஓசையைச் சேர்த்தார். நேரடி நிகழ்ச்சி என்ற பெயரில் வந்து எலிங்டன் வாழ்நாளில் மிக அதிகமாக விற்ற அந்த இசைத்தட்டில் கூடத்தில் செய்ததும் கலந்திருந்தது. கொன்சால்வெஸின் வாசிப்பு உண்மையான மேடைப் பதிவுதான். ஆனால் அவர் கொலம்பியாவின் ஒலிவாங்கியை விட்டு, 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியின் ஒலிவாங்கி முன் நின்றுவிட்டார். எனவே தட்டில் அவர் ஒலி தூரத்தில் எங்கோ கேட்பதுபோல் மங்கியது.

இதனால் ஒரு விந்தை நேர்ந்தது. தட்டை மட்டும் கேட்ட தலைமுறைக்கு, இந்த மங்கலான சாக்சபோனுக்கா ஊரே எழுந்து ஆடியது என்ற ஐயம் இயல்பாக எழக்கூடியது. நேரில் இருந்தவர்களின் பேச்சு, வயதானவர்கள் தம் இளமையைப் பெரிதாக்கிச் சொல்வதுபோலத் தோன்ற இடமிருந்தது. பின்னர் அந்த வானொலி நாடாக்கள் கிடைத்தன. ஃபில் ஷாப் அவற்றைக் கொலம்பியா நாடாக்களுடன் இணைத்து 1999-ல் முழுக் கச்சேரியையும் இரு குறுந்தட்டுகளாக வெளிக்கொணர்ந்தார். அதில் கொன்சால்வெஸ் முன்னால் நிற்கிறார். மூச்சு வாங்குவதுகூடத் தெரியும் அளவுக்கு அருகில். கூட்டத்தின் இரைச்சல் சுற்றுக்குச் சுற்று ஏறுவதும் கேட்கிறது. ரசிகர் நினைவு பெருமளவு சரியாகவே இருந்திருக்கிறது. திருத்தப்பட்டது ஆவணம்தான்.

அவாக்கியன் செய்ததை மோசடி என்று ஒதுக்குவது எளிது. புதிய இசையாக்கம் பிழைகளுடன் நிலைத்துவிடக் கூடாது என்ற எலிங்டனின் கவலை நியாயமானது. கூடத்தில் வாசித்தது தூய்மையாகவும் இருக்கிறது. அதைக் கூடப்பதிவு என்றே சொல்லி விற்றிருக்கலாம். மேடைக் கைதட்டலை அதன்மேல் பூசியதற்கு இசை சார்ந்த காரணம் எதுவும் இல்லை.

இந்த வெற்றிக்கு அதிக விலை கொடுத்தவர் கொன்சால்வெஸ். ஊருக்கு ஊர் அதே 27 சுற்றுகளைக் கேட்கும் குரல்கள் எழுந்தன. எலிங்டனும் அவரை முன்னே அனுப்பிக்கொண்டே இருந்தார். மெதுவான காதல் பாடல்களைக் கிசுகிசுக்கும் தொனியில் வாசிப்பதில் அவருக்கு இருந்த நுட்பம் பின்னுக்குப் போயிற்று. 1974 மே மாதம் அவர் லண்டனில் இறந்தார். சில நாட்களில் எலிங்டனும் மறைந்தார். 1999 வெளியீட்டைக் கேட்பவர்கள் அதோடு எலிங்டன் அவருக்காக எழுதிய 'ஹாப்பி ரீயூனியன்' என்பதையும் கேட்பது நல்லது. நியூபோர்ட்டில் ஓடியவரும் அங்கே நின்று பேசுபவரும் ஒரே கலைஞர் என்பதை நம்பச் சிறிது நேரம் பிடிக்கும்.