களமே கதைசொல்லியாக: வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’

முன்னுரை

கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை எனப் புனைகதையின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து விளக்குவது வகுப்பறை மரபு. இக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்குகின்றன என்பது அவ்விளக்கத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. 1910 முதல் 1920 வரை புதுச்சேரியில் வாழ்ந்த வ.வே.சு. ஐயர், 1915இல் ‘விவேகபோதினி’ இதழில் வெளியிட்ட ‘குளத்தங்கரை அரசமரம்’ இதனை ஆராய்வதற்கு ஏற்ற பனுவலாகும். தமிழின் முதற் சிறுகதை எது என்னும் விவாதத்திலும், படித்துறை கதைசொல்லும் தாகூரின் ‘காட்டேர் கதா’வுடனான ஒப்பீட்டிலுமே இக்கதை மிகுதியும் பேசப்பட்டுள்ளது. அதன் எடுத்துரைப்பு முறையும் தனித்த கவனத்துக்குரியது.

களமும் நோக்குநிலையும்

இக்கதையில் களத்தின் ஒரு பகுதியான அரசமரமே கதைசொல்லி. இடம்பெயர இயலாத மரத்துக்கு வீட்டினுள் நடப்பவை கண்கூடல்ல. குளத்துக்கு வருவோரின் பேச்சே அதன் செய்திவாயில். அர்பத்நாட் வங்கியின் வீழ்ச்சியில் ருக்மிணியின் தந்தை பொருளிழந்ததும், புகுந்த வீட்டார் அவள் கணவன் நாகராஜனுக்கு மறுமணம் பேசுவதும் இவ்வாறே தெரியவருகின்றன. 1906இல் சென்னையில் நிகழ்ந்த அவ்வீழ்ச்சி, ஊர்ப்பேச்சாகவே கதைக்குள் நுழைகிறது.

அறிவும் இயலாமையும்

மணவேளையில் மறுத்துவிடும் தன் திட்டத்தை நாகராஜன் நண்பன் ஸ்ரீநிவாசனிடம் வெளியிடுகிறான். மரம் அதனைக் கேட்கிறது. ருக்மிணியோ அறியாள். கேட்கவல்ல, ஆனால் அவளிடம் உரைக்க வாயற்ற கதைசொல்லியின் இவ்வியலாமையே அவலத்தை வளர்க்கிறது. அனைத்துமறிந்த படர்க்கைக் கதைசொல்லி இதனைக் கூறியிருப்பின் நிகழ்ச்சிகள் மாறியிரா. கையறு நிலையில் காணும் சாட்சி மட்டும் மறைந்திருக்கும். ருக்மிணியே கூறியிருப்பின், நாகராஜனின் உள்ளக்கிடக்கை அவள் இறக்கும்வரை வாசகருக்கும் எட்டியிராது.

முடிவுரை

விளையாட்டுக்கும் பெண்ணின் மனத்தை நோகச் செய்யலாகாது என்பது மரம் இறுதியில் கூறும் அறிவுரை. இது ருக்மிணியின் மரணத்துக்கான பொறுப்பை நாகராஜனின் விளையாட்டின்மீது குவிக்கிறது. கதைப்பின்னல் காட்டும் காரணமோ அதனினும் விரிந்தது: தந்தையின் செல்வம் அழிந்ததும் மருமகளை மாற்றத்தக்கவளாகக் கருதிய குடும்ப அமைப்பே அவ்விளையாட்டுக்கு இடமளித்தது. ஆகவே கதைசொல்லியின் அறிவுரையையே கதையின் கருப்பொருளாகக் கொள்வது பொருந்தாது. தான் கேட்டவற்றை மரம் நேர்மையாக எடுத்துரைக்கிறது. அவற்றின் முழுப்பொருளை அதன் தீர்ப்பு எட்டவில்லை. அவ்விடைவெளியில்தான் திறனாய்வாளரின் பணி தொடங்குகிறது.