திணை வழுவும் படக்குறிப்புகள்: பத்தொன்பதாம் நூற்றாண்டு மதராஸ் சாப்பர் நிழற்படங்களை முன்வைத்து

1. படக்குறிப்பு என்னும் பனுவல்

பழைய படைவீரர் நிழற்படத்தை நோக்குவோர் முதலில் முகத்தைக் காண்கின்றனர். அடுத்து அதன் அடியிலுள்ள எழுத்தைத் தேடுகின்றனர். யார், எப்படை, எப்போர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறும் பொறுப்பு அச்சிறு தொடரைச் சார்ந்தது. பெரும்பாலும் வினைமுற்று இல்லாத பெயர்த்தொடராகவே அது அமைகிறது. ஆங்கிலத்தில் இச்சுருக்கம் இயல்பாகத் தோன்றினும், தமிழாக்கும்போது அச்சுருக்கத்தினுள் மறைந்துள்ள இரண்டு பிழைகள் வெளிப்படுகின்றன. ஆளை வகையாக்குவது ஒன்று. படைப்பிரிவின் செயலை ஆளின் செயலாக்குவது மற்றொன்று. இரண்டையும் தமிழ் இலக்கண மரபில் திணைவழுவோடு ஒப்பிட்டு விளக்கலாம்.

இச்சிக்கலை ஆராயப் பெங்களூர் பொருத்தமான களமாகும். அல்சூர் ஏரியை அடுத்து மையம் கொண்டுள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், 1780இல் இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கப்பெற்றது. 1831இல் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்னும் பெயரையும், 1876இல் அரசிக்குரிய படை என்னும் சிறப்பையும் பெற்றது. அப்படையின் வரலாற்றுப் பொருள்களைக் காக்கும் அருங்காட்சியகமும் அங்கு உள்ளது. தமிழ் பேசுவோர் பெருமளவில் பணியாற்றிய இப்படையின் வரலாறு ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. வைபார்ட் 1881 முதல் 1883 வரை இரு தொகுதிகளாக வெளியிட்ட படைவரலாறு இதற்குச் சான்று. எனவே இவ்வீரர்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் தம் மொழியினரைப் பற்றிய செய்தியையே மொழிபெயர்த்துப் பெறவேண்டிய நிலையில் உள்ளனர்.

2. ஆள் வகையாதல்

1857ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்குப் பின்னர், ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜான் வில்லியம் கே ஆகியோர் பதிப்பித்த 'இந்திய மக்கள்' என்னும் நிழற்படத் தொகுப்பு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. அதில் படத்திலுள்ளவர் பெரும்பாலும் ஒரு சாதி அல்லது குழுவின் சான்றாகவே நிறுத்தப்படுகிறார். பிரெட் பிரெம்னர் 1897இல் வெளியிட்ட படைவீரர் நிழற்படத் தொகுப்பின் தலைப்பிலேயே 'டைப்ஸ்' என்னும் சொல் இடம்பெற்றது. இச்சொல்லை 'வகைகள்' என்றோ 'மாதிரிகள்' என்றோ பெயர்க்கும்போது, உயர்திணைக்குரிய ஆள் அஃறிணைப் பெயருக்குள் அடங்கிவிடுகிறான்.

சாதாரண வீரனின் பெயரைக் குறிக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை என்று விடை கூறுவோர் உண்டு. அவ்விடை பொருந்தாது. கிரிமியப் போரிலிருந்து மீண்டவர்களை 1856இல் விக்டோரியா அரசியின் விருப்பப்படி ஜோசப் கண்டல், ராபர்ட் ஹவ்லெட் ஆகியோர் படமெடுத்தனர். அவற்றுள் உயர்பதவி இல்லாத வீரர்கள் பலரும் பெயரோடும் படைப்பிரிவோடும் குறிக்கப்பட்டனர். எனவே படக்குறிப்பின் அமைப்பில் பெயருக்குரிய இடம் முன்பே இருந்தது. இந்திய வீரனுக்கு அது பலவிடத்து நிரப்பப்படவில்லை.

இவ்வகைப்பாடு நடைமுறை விளைவும் உடையது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்திய வீரர்களைப் போர்த்திறம் குறைந்தவர்களாகக் கருதினார். பின்னர் இந்தியப் படையின் தலைமையை ஏற்றபோது ஆள்சேர்ப்பிலும் அக்கருத்து செல்வாக்குப் பெற்றது. எவ்வகையினர் என்னும் வினாவே எவரைச் சேர்ப்பது, எவரை விலக்குவது என்பதை முடிவு செய்தது. ஆதலின் 'வகை' என்னும் சொல்லை நடுநிலையான கலைச்சொல்லாகக் கொள்ள இயலாது.

3. படை ஆளாதல்

எடுத்துக்காட்டாக, 'மதராஸ் சாப்பர்: சீனம், அபிசீனியா, எகிப்து, பர்மா' என்று ஒரு குறிப்பை அமைத்துக்கொள்ளலாம். 1860இல் டாகு கோட்டைகள், 1868இல் மக்தலா, 1882இல் தெல்-எல்-கெபீர், 1885இல் தோஃப்ரெக், அதனையடுத்துப் பர்மா எனப் பல களங்களில் இப்படையின் கம்பெனிகள் பணியாற்றின. ஆயினும் ஒவ்வொரு போருக்கும் சில கம்பெனிகளே அனுப்பப்பட்டன. போர்ச்சிறப்போ படை முழுமைக்கும் வழங்கப்பட்டது. அப்பட்டியலை ஒரு முகத்தின் அடியில் எழுதும்போது, காண்போர் அவை அனைத்தையும் அவ்வொருவரின் வாழ்க்கையாகவே கொள்கின்றனர்.

ஆங்கிலப் பெயர்த்தொடரில் எழுவாய் தொக்கி நிற்பதால் இம்மயக்கம் புலப்படுவதில்லை. தமிழில் வினைமுற்றுச் சேர்த்தவுடன் அது புலப்பட்டுவிடும். 'படைப்பிரிவு சீனத்தில் போரிட்டது' என்பதன் முடிபு அஃறிணை. 'இவ்வீரர் சீனத்தில் போரிட்டார்' என்பதன் முடிபு உயர்திணை. பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தொல்காப்பியம் தனியே எடுத்துப் பேசுவது ஈண்டு நினைக்கத்தக்கது. மொழிபெயர்ப்பாளர் முற்றுத்தொடராக எழுதினால், எச்செயல் எவருடையது என்று முடிவு செய்தே ஆகவேண்டும். இது தமிழின் குறையன்று. சான்றைச் சரிபார்க்கத் தூண்டும் கருவியாகும்.

4. பதக்கம் தரும் சான்று

தனியாளின் போர்ப்பணிக்குப் படத்திலேயே கிடைக்கக்கூடிய சான்று மார்பிலுள்ள பதக்கமாகும். எகிப்துப் பதக்கத்தின் நாடாவில் தோஃப்ரெக் என்னும் பட்டை காணப்பட்டால், அதை அணிந்தவர் அக்களத்திற்கு உரியவர் என்று கொள்ள இடமுண்டு. படைப்பிரிவின் போர்ச்சிறப்புப் பட்டியல் அவ்வுறுதியைத் தராது.

பதக்கத்தில் வேறொரு செய்தியும் உள்ளது. இந்தியப் பொதுப்பணிப் பதக்கத்தின் விளிம்பில் பெறுநரின் பெயர் பொறிக்கப்பட்டது. அபிசீனியப் பதக்கத்திலோ அப்பெயர் பின்முகத்தின் நடுவிலேயே இடம்பெற்றது. முன்முகத்தில் அரசியின் உருவமும் அதனைச் சுற்றி நாட்டின் பெயரும் அமைந்தன. நிழற்படக் கருவி முன்முகத்தை மட்டுமே பதிவு செய்கிறது. படக்குறிப்பு விடுத்த பெயர், படம் எடுக்கப்பட்ட வேளையில் அவ்வீரரின் மார்பை ஒட்டியே இருந்தது எனலாம்.

அப்பெயரைக் கண்டறிந்தாலும் மொழிபெயர்ப்பாளரின் பணி முடிவதில்லை. அக்கால ஆங்கில எழுத்துமுறையில் ல, ள, ழ ஆகிய மூன்றும் ஒரே எழுத்தால் குறிக்கப்பட்டன. பழனி மலை ஆங்கில ஏடுகளில் 'புல்னி' ஆனது போன்றே ஆட்பெயர்களும் உருமாறின. அவற்றை மீட்கும்போது ஐயத்திற்கிடமான வடிவங்களைத் தெளிவானவை போல எழுதுதல் கூடாது.

5. அவனா, அவரா?

ஆங்கிலத்தின் படர்க்கை ஆண்பால் ஒருமைச் சொல் மரியாதை வேறுபாடு காட்டாது. தமிழும் கன்னடமும் அதனைக் காட்டியே தீரவேண்டும். 'சுபேதார் வந்தார்', 'சிப்பாய் வந்தான்' என்பன தமிழ்ச் செவிக்கு இயல்பாக ஒலிக்கின்றன. சுபேதார், ஜமேதார், ஹவில்தார் ஆகியவற்றின் ஈறு பாரசீகத்தைச் சேர்ந்ததாயினும், ஒலியொப்புமையால் அது 'ஆர்' என்னும் தமிழ் மரியாதை ஈற்றை நினைவூட்டுகிறது. 'சிப்பாய்' என்பதற்கு அவ்வாய்ப்பு இல்லை. இதனால் படைத்துறையின் பதவிப் படிநிலையை மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாமலே வினைமுற்றில் மீண்டும் நிறுவிவிடுகிறார். எல்லாப் பதவியினர்க்கும் 'வீரர்', 'அவர்' என்னும் ஒரே வடிவத்தைக் கையாளுதல் தக்கது.

சாப்பர்களை அன்போடு 'தம்பி' என்று அழைக்கும் வழக்கு அப்படையில் உண்டு. அது உறவுச்சொல்லாதலின் 'வகை' என்பதினும் மேலானது. எனினும் அதுவும் பெயராகாது. 'மைனர்ஸ்' என்பதை ஒலிபெயர்ப்பாக மட்டும் எழுதினால் நேரும் விபரீதமும் சுட்டத்தக்கது. தமிழில் மைனர் என்பது வயது நிரம்பாதவரையோ ஊதாரிச் செல்வரையோ குறிக்கும். சுரங்கம் வெட்டும் படையினர் என்று ஒருமுறையேனும் விளக்கிய பின்னரே அப்பெயரைக் கையாளுதல் வேண்டும்.

6. முடிவுரை

மூலக்குறிப்பின் சொற்கள், படத்தில் காணப்படுவன, படைப்பிரிவின் ஆவணம் கூறுவன ஆகிய மூன்றையும் தனித்தனித் தொடர்களாக எழுதுவதே பொருத்தமான முறையாகும். மூலத்தில் 'வகை' என்றிருந்தால் அது மூலத்தின் கூற்று என்பது விளங்க எழுதவேண்டும். அதனை மறைப்பதும், மொழிபெயர்ப்பாளர் தம் கூற்றாக ஏற்பதும் ஒருங்கே தவறாகும். பெயர் கிடைக்காதவிடத்து 'பெயர் குறிக்கப்படவில்லை' என்று எழுதுதல் வேண்டும். அத்தொடர், பெயர் ஒன்று இருந்தது என்பதையும் அதனை ஒருவர் எழுதாது விடுத்தார் என்பதையும் உணர்த்தும். 'மதராஸ் சாப்பர்' என்னும் குறிப்பு மட்டும் நின்றால் இவ்விரண்டையும் காண்போர் அறிய வழியில்லை.