கட்டுருவாக்கவாதமும் கண்டியும்

சர்வதேச உறவுத்துறையின் கட்டுருவாக்கவாதத்துக்குள் இரண்டு பெருங்கிளைகள் உண்டு. நிக்கலஸ் ஒனுஃபும் ஃப்ரீட்ரிக் கிராட்டொக்விலும் 1989இல் தனித்தனி நூல்களில் தொடங்கியது விதியையும் மொழியையும் முதலாகக் கொண்ட கிளை. அலெக்சாண்டர் வென்ட் 1992 கட்டுரையிலும் 1999 நூலிலும் நிறுவியது அரசுகளின் அடையாளத்தை முதலாகக் கொண்டது. அமைப்பியல் யதார்த்தவாதி வால்ட்ஸோடு வென்ட் நடத்திய வாதம் தெரிந்ததே. நியமங்கள் பிறந்து பரவும் விதத்தை 1998இல் பினிமோரும் சிக்கிங்கும் விளக்கினர். ஒரு விடயம் பேச்சினாலேயே பாதுகாப்புப் பிரச்சினையாகிறது என்று அதே ஆண்டில் கோபன்ஹேகன் குழுவினர் எழுதினர். வென்டின் புகழ் பெரிது. ஆயினும் மலைநாட்டை வாசிக்க ஒனுஃபின் கிளையே கூடுதலாக உதவுகிறது. சொல்லும் சட்டமும் மனிதரை என்ன செய்தன என்று அது நேரே கேட்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மூத்தோர் கட்டுருவாக்கவாதிகள் என்ற பெயரைச் சூடியவர்களல்லர். அரசறிவியல் பேராசிரியராக ஏ. ஜே. வில்சன் அங்கே கற்பித்த காலத்தில் இத்துறையில் இப்பெயரே வழங்கவில்லை. ஷெல்டன் கொடிகார 1965இல் வெளியிட்ட இந்திய–இலங்கை உறவு பற்றிய நூலும் அப்பெயருக்கு முந்தியதே. ஆனாலும் ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசும் அந்தத் தலைமுறையின் ஒழுங்கே இன்றும் உரைகல்.

அந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கத் தக்கது மலையகத் தமிழரின் குடியுரிமை. 1911 குடிசன மதிப்பீடு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனி நிரல் போட்டது. கணக்கெடுப்பவரின் வசதிக்கான அந்தப் பிரிவு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் நாடற்றவர் என்ற நிலையாக இறுகியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கிட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பகிரப்பட்டனர். 1962 சீனப் போருக்குப் பின் டில்லிக்கு அயலவரின் நட்பு வேண்டியிருந்தது என்பார் யதார்த்தவாதி. அது பாதி விடைதான். லயத்தில் பிறந்து கொழுந்து பறித்தவர்கள் பேரத்தில் பங்கிடத்தக்க தொகையானது எப்படி என்பதற்கு அதில் பதிலில்லை. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் இந்தியாவைக் கண்டதேயில்லை. ஆவணங்களில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. நீலகிரியில் இறங்கியதும் ‘சிலோன்காரர்’ ஆனார்கள்.

இத்தகைய வாசிப்பு இப்போது அருகிவருகிறது. பெயர் சுட்ட வேண்டியதில்லை; உழைப்பவர்கள் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் கட்டுருவாக்கவாதத்தைச் சிலர் ‘கட்டமைப்புவாதம்’ என்று எழுதுகின்றனர். அதே சொல்லால் அமைப்பியலையும் குறிக்கின்றனர். சிறு பிழை என்று இதை விட முடியாது. சொல் மயங்கினால் வால்ட்ஸும் வென்டும் ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடுவர். மாணவர் டியூட்டில் அதையே மனனம் செய்வார், விடைத்தாளில் அதையே எழுதுவார், நாளை ஆசிரியராகி அதையே சொல்லிக் கொடுப்பார். ‘அடையாளம்’ என்ற சொல்லைப் பக்கத்துக்குப் பத்து முறை தூவிவிட்டு ஒரு சட்டப் பிரிவைக்கூடப் புரட்டாத ஆய்வேடு, தாளிதம் மட்டும் வைத்த குழம்பு. மூத்தோர் ஒரு கலைச்சொல்லுக்காகப் பொழுதெல்லாம் வாதாடியவர்கள். அந்தக் கண்டிப்பு போனால், தமிழ்மொழி மூலம் அரசறிவியல் கற்பிப்பதற்கே அடித்தளம் இல்லாமற் போகும்.

சொல்லும் வகைப்பாடும் உலகை ஆக்குகின்றன என்பதற்கு இரண்டாவது சான்று பேராதனைப் பூங்காவிலேயே இருக்கிறது. 1944 ஏப்பிரலில் நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியக் கட்டளையகத்தை டில்லியிலிருந்து இங்கே மாற்றினார். ‘தென்கிழக்காசியா’ என்ற பெயரை அரசியல் வழக்கில் நிலைபெறச் செய்ததில் அக்கட்டளையகத்துக்குப் பெரும்பங்குண்டு. பிராந்தியங்கள் ஆக்கப்படுபவை என்பதை அமிதாவ் ஆச்சார்யா அப்பகுதியை வைத்தே விரிவாக எழுதினார். கட்டளையகத்தின் எல்லைக்குள் இலங்கையும் அடங்கியிருந்தது. 1967இல் ஆசியான் உருவானபோது இலங்கை அதற்கு வெளியே நின்றது. 1985இல் சார்க்கின் வழியே தெற்காசியாவானது.